அழிக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, ஆனாலும் அழித்துவிட்டேன்

பாலியாற்றங்கரை
வணக்கம் உறவுகளே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்ப் பெடியள் நாலு பேர் சேர்ந்து பேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்தி வந்தோம். பெரிதாக ஒன்றுமில்லை. கோயில் திருவிழா, மரண அறிவித்தல், மாடு காணாமல் போனது, என்றைக்குக் கரண்ட் நிற்கும், இப்படித்தான். போன மாதம் ஆற்றில் இரவிரவாக டிப்பரில் மண் ஏற்றுகிறார்கள் என்று மூன்று படம் போட்டேன். நம்பர் பிளேட் தெரியாமல்தான் எடுத்தேன், ஒருவருடைய பெயரும் எழுதவில்லை. "இதற்கு அனுமதி இருக்கிறதா?" என்று ஒரே ஒரு வரி.

இரண்டு நாளில் ஒரு போன் வந்தது. தமிழில்தான் கதைத்தார், மரியாதையாகத்தான் கதைத்தார், யாரென்று மட்டும் சொல்லவில்லை. "தம்பி, பக்கம் நீங்கள்தானே பார்க்கிறது? அண்ணா இப்ப வெளிநாட்டிலா? அம்மா சுகமா?" அவ்வளவுதான், வைத்துவிட்டார். படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அன்றிரவே படத்தை மட்டுமில்லை, பக்கத்தையே அழித்தேன். 6 வருடப் படங்கள், அதில் செத்துப்போன ஆட்களின் படங்களும் இருந்தன. அம்மா அன்றைக்குத்தான் நிம்மதியாக நித்திரை கொண்டா.

இணையத்தை அரசாங்கம் கட்டுப்படுத்துகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என்னை யார் கட்டுப்படுத்தியது? என்மேல் ஒரு சட்டமும் பாயவில்லை, ஒரு கடிதமும் வரவில்லை, என் கையால் நானே அழித்தேன். இது எந்தக் கணக்கில் வரும்?

முறிகண்டிக் கச்சான்
"அம்மா சுகமா" என்று கேட்கிற ஆட்களுக்குத்தான் நான் கூடப் பயப்படுவது. திட்டினால் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

கிளிநொச்சி வாத்தி
தம்பி, இது எங்களுக்குப் புதிதில்லை, உங்களுக்கு வயது காணாது என்பதால் சொல்கிறேன். தமிழர் செய்திகள் போடுகிற தமிழ்நெட் தளத்தை 2007 ஜூனில் இலங்கைக்குள் திறக்க முடியாமல் செய்தார்கள். நீதிமன்றத்தில் வழக்கு இல்லை, வர்த்தமானி இல்லை, இணைய இணைப்புக் கொடுக்கிற கம்பனிகளுக்கு ஒரு சொல் போனது, தளம் வராமல் போனது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2005 ஏப்ரலில், அதன் ஆசிரியராக இருந்த சிவராமைக் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2022 ஏப்ரல் 3ஆம் திகதி கொழும்பில் ஆர்ப்பாட்டம் என்று பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள், ஞாபகம் இருக்கும். ஏறக்குறைய 15 மணித்தியாலம். நாடே கொதித்தது, மனித உரிமைகள் ஆணைக்குழு தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவைக் கேள்வி கேட்டது, பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கையில் செய்தோம் என்று பதில் வந்தது, பின்னேரத்துக்குள் திரும்பி வந்தது. நல்லதுதான். நான் அன்றைக்குக் கிணற்றடியில் இருந்து நினைத்தது வேறு. 2008 செப்டெம்பரில் ஐ.நா. ஆட்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னார்கள், வெளிப் பத்திரிகைக்காரரை உள்ளே விடவில்லை. அதுவும் ஒரு நிறுத்தம்தானே? அது 15 மணித்தியாலத்தில் முடியவில்லை. இன்றைக்கும் எத்தனை பேர் செத்தார்கள் என்று ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்கிறார்கள். 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியதுகூட முறையான விசாரணை வந்தால்தான் சரியான எண் தெரியும் என்ற குறிப்போடுதான். பார்க்க ஆளில்லாமல் செய்தால் பிறகு எண்ணவும் ஆளில்லாமல் போகும்.

ஸ்காபரோ கிழவன்
வாத்தியாருக்கு என் வணக்கம். ஆனால் தம்பி அழித்தது பிழை. பயந்தால் பயந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். பத்துப் பேர் போட்டால் பத்துப் பேரையும் கூப்பிடுவார்களா? படத்தை எனக்கு அனுப்புங்கள், நான் இங்கிருந்து போடுகிறேன்.

நெளுக்குளத்தாள்
அண்ணை, கோபிக்காதீர்கள். நீங்கள் அங்கிருந்து போட்டால் உங்கள் வாசலில் பனி நிற்கும். இங்கே மோட்டார் சைக்கிள் நிற்கும். போனில் கேட்டதே "அண்ணா வெளிநாட்டிலா" என்றுதான். படம் வெளிநாட்டில் இருந்து வந்தால் யார் அனுப்பினது என்பது அடுத்த கேள்வி.

நான் வேறொரு பக்கம் சொல்ல வந்தேன், இதற்கு எல்லோரும் அடிக்க வருவீர்கள், பரவாயில்லை. எனக்கு ஏதோ ஒரு கட்டுப்பாடு வேண்டும். என் சிநேகிதி ஒருத்தியின் படத்தை வெட்டி ஒட்டி வேறு உடம்போடு சேர்த்து, போன் நம்பரும் போட்டு ஒரு டெலிகிராம் குறுப்பில் விட்டார்கள். முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் "தங்கச்சி, நீங்கள் ஏன் படம் போட்டீர்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் படிப்பை அரைவாசியில் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். கருத்துச் சுதந்திரம் என்று நீங்கள் கத்தும்போதெல்லாம் எனக்கு அவள்தான் ஞாபகம் வருகிறாள். அந்தக் குறுப்பில் இருந்த 300 பேருக்கும் முழுச் சுதந்திரம் இருந்தது.

சட்டப்புத்தகம்
அக்கா சொன்னதற்கு யாரும் அடிக்க வரக்கூடாது. இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிற நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களும் அக்காவின் சிநேகிதியைக் காட்டித்தான் கொண்டுவந்தார்கள், பெண்கள், பிள்ளைகள், மோசடி என்று. அதில் அந்தரங்கப் படங்கள், துன்புறுத்தல் பற்றிப் பிரிவுகள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. அவற்றை மட்டும் தனிச் சட்டமாகக் கொண்டுவந்திருந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

ஆனால் பக்கத்துப் பிரிவைப் பாருங்கள். "பொய்யான கூற்று" ஒன்று தேசிய பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தல் என்றால் 5 வருடம் வரை சிறை. எது பொய் என்று முதலில் பார்ப்பது 5 பேர் கொண்ட ஓர் ஆணைக்குழு, நியமிப்பது சனாதிபதி. 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்று நிறைவேறியது, பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் கையெழுத்து வைத்தார். உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாவற்றையும் சேர்க்கவில்லை என்று அந்தச் சபாநாயகருக்கு எதிராகவே மார்ச்சில் நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்து, தோற்றது. அன்றைக்கு எதிர்த்தவர்கள்தான் இன்றைக்கு ஆட்சியில் இருக்கிறார்கள். திருத்துவோம் என்கிறார்கள். சட்டம் கையில் இருக்கும்போது தூக்கிப் போட யாருக்கும் மனம் வருவதில்லை, அதுவும் ஒரு பழக்கம்.

பாலியாற்றங்கரை அண்ணை, உங்கள் வரிக்கு வருகிறேன். "இதற்கு அனுமதி இருக்கிறதா?" என்பது கூற்றே இல்லை, கேள்வி. கேள்வி பொய்யாக இருக்க முடியாது. நீதிமன்றத்துக்குப் போனால் நிற்காது. ஆனால் அவர்கள் நீதிமன்றத்துக்குப் போகவே இல்லையே, அங்கேதான் விசயம்.

முறிகண்டிக் கச்சான்
அப்ப இனிமேல் எல்லாவற்றையும் கேள்வியாகவே எழுதுவோமா? எழுதலாமா? பிரச்சினை வராதா?

சிலாவத்துறைக் காற்று
எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லவேண்டும். அஹ்னாப் ஜசீம், கவிதை எழுதுகிற பெடியன், எங்கள் மன்னார் மாவட்டம்தான். 2020 மே 16ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். காரணம் அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பு. தீவிரவாதம் பரப்புகிறது என்றார்கள். தமிழ் தெரிந்தவர்கள் வாசித்தால் அதே புத்தகத்தில் தீவிரவாதத்தை எதிர்த்துத்தான் கவிதை இருக்கிறது. வாசித்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்ப்பை நம்பினார்கள். 579 நாள் உள்ளே இருந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது.

இது அச்சடித்த புத்தகம், இணையம் இல்லை என்று சொல்வீர்கள். என் கேள்வி அதுவே. 100 பக்கப் புத்தகத்தையே ஆறுதலாக இருந்து வாசிக்க ஆளில்லாத நாட்டில், நான் அவசரத்தில் எழுதுகிற இரண்டு வரிக் கொமன்ட்டை யார், எந்த மொழியில் வாசித்து, பொய்யா மெய்யா என்று தீர்மானிக்கப் போகிறார்? எங்கள் ஊர்ப் பேச்சில் "அடிச்சுக் கொல்லுவன்" என்றால் அது பாசம்.

சட்டப்புத்தகம்
அதே வருடம் ரம்சி ராசீக். கொரோனா நேரம் பேஸ்புக்கில் சிங்களத்தில் ஒரு பதிவு போட்டார், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைக் கருத்தால் எதிர்கொள்ளவேண்டும் என்பதுதான் அதன் சாரம், "சிந்தனை ஜிஹாத்" என்ற சொல் இருந்தது, பிடித்துவிட்டார்கள். 5 மாதத்துக்கு மேல் உள்ளே. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைக்காக 2007இல் வந்த ஐ.சி.சி.பி.ஆர். சட்டம், அதில் வெறுப்புப் பேச்சைத் தடுக்கிற பிரிவு, அவர்மேல் பாய்ந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொல்லி 10 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. 2019இல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரைச் சிறுகதை ஒன்றுக்காகப் பிடித்ததும் இதே சட்டத்தில்தான். ஆக, தமிழருக்கு மட்டும் வருகிற வருத்தம் என்று நினைக்கவேண்டாம்.

மாங்குளம் சந்தி
எல்லோரும் ஒரே பக்கம் நின்று கதைக்கிறீர்கள். 2018இல் கண்டிக்குப் பக்கத்தில் திகனையில் என்ன நடந்தது? அதற்கு முதல் கிழமை அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்ற பச்சைப் பொய் பேஸ்புக்கில் ஓடிக் கடையை அடித்தார்கள், பள்ளிவாசலை அடித்தார்கள். பிறகு கண்டிப் பக்கம் எரிந்தது. அரசாங்கம் பேஸ்புக்கை நிறுத்தியது. நிறுத்தாமல் இருந்திருந்தால்? எனக்கு அந்த அரசாங்கத்தில் பாசம் இல்லை, ஆனால் எரிகிற வீட்டில் காற்றை அடைப்பது பிழையா?

வயர்மன்
அடைத்தார்கள், ஆனால் எரிந்த பிறகு. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் பற்றி ஆட்கள் முறைப்பாடு மேல் முறைப்பாடு அனுப்பியும் பேஸ்புக்கிடம் சிங்களம் வாசிக்கப் போதிய ஆள் இல்லை. தங்கள் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்கு அந்தக் கம்பனியே 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. திட்டமிட்டு அடிக்க வந்தவனுக்கு வட்ஸ்அப் நின்றால் போன் இருக்கிறது. மாட்டிக்கொண்ட சனத்துக்குத்தான் எந்த வீதியில் கூட்டம் வருகிறது என்று அறிய வழியில்லாமல் போகிறது.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு ஏப்ரல் 30 வரை நிறுத்தினார்களே, அப்போது நான் வவுனியாவில் போன் கடை வைத்திருந்தேன். வந்தவன் எல்லோருக்கும் வீபிஎன் போட்டுக் கொடுத்தே கை நொந்தது. பள்ளிக்கூடப் பெடியன் முதல் புரோக்கர் வரை எல்லோரும் பேஸ்புக்கில் இருந்தார்கள். வெளியில் நின்றது யார் தெரியுமா? வீபிஎன் என்றால் என்னவென்று தெரியாத, மகன் கொழும்பில் வேலை செய்கிற அம்மாமார். மூன்று பேர் கடைக்கு வந்து "தம்பி, பிள்ளையின் வைபர் வருகுதில்லை" என்று அழுதார்கள்.

அப்படியே ஒரு எச்சரிக்கை. இலவச வீபிஎன்னில் சிலது உங்கள் தரவை விற்றுத்தான் பிழைக்கிறது. சிம் உங்கள் அடையாள அட்டையில் இருக்கிறது. வட்ஸ்அப் பூட்டுப் போட்டது, யாரும் இடையில் வாசிக்க முடியாது என்று பெருமைப்படுவதில் பிரயோசனமில்லை, எங்கள் ஊரில் செய்தி இடையில் போவதில்லை, குறுப்புக்குள் இருக்கிற ஒருத்தனின் ஸ்கிரீன்ஷொட்டில்தான் போகிறது. உங்கள் பக்கத்தை யார் நடத்துகிறார் என்று பேஸ்புக் சொல்லியிருக்காது, பக்கத்து வளவு சொல்லியிருக்கும்.

புதூர்ப் பிள்ளை
அரசாங்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். என் சித்தப்பாவின் படம், சீருடைகூட இல்லை, சாரத்தோடு தோட்டத்தில் நிற்கிற படம், நவம்பர் மாதம் இரண்டு வரி எழுதிப் போட்டேன். மூன்று மணித்தியாலத்தில் தூக்கிவிட்டார்கள், 30 நாள் என்னால் ஒன்றும் எழுத முடியவில்லை. அரசாங்கம் இல்லை, பேஸ்புக். ஆபத்தான அமைப்புகள் என்று அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, 2021 ஒக்டோபரில் அது வெளியே கசிந்தபோது புலிகளின் பெயரும் அதில் இருந்தது. சரி, அமைப்பைத் தடுக்கட்டும். செத்த மனிதனை அவன் வீட்டு ஆட்கள் நினைப்பதற்கும் அமைப்பைப் புகழ்வதற்கும் வித்தியாசம் தெரியாத இயந்திரத்திடம் நான் எந்த மொழியில் மனுக் கொடுப்பது? மேன்முறையீடு என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினேன், நன்றி என்று வந்தது.

இதனால்தான் எங்கள் ஆட்கள் எழுத்துக்கு நடுவில் புள்ளி வைத்து எழுதுகிறார்கள். நாளைக்கு எங்கள் பிள்ளைகள் தேடினால் ஒன்றும் கிடைக்காது, எல்லாம் புள்ளியாகத்தான் இருக்கும்.

ஸ்காபரோ கிழவன்
இதைத்தான் நானும் சொல்கிறேன். எல்லாப் பக்கத்தாலும் எங்கள் வாயைத்தான் அடைக்கிறார்கள்.

நெளுக்குளத்தாள்
அண்ணை, ஒன்று கேட்கிறேன். எங்கள் ஆட்கள், புலிகள், வன்னியில் இருந்த காலத்தில் மட்டும் வாய் திறந்திருந்ததா? அம்மா இந்தக் கதை வந்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா. அப்போதும் சனம் மெல்லத்தான் கதைத்தது, பின்னேரம் வாசிகசாலையில் இருக்கிற பேப்பருக்கு மாறான பேப்பர் ஒன்று வன்னியில் விற்றதா? இணையமும் அலுவலகங்களுக்குத்தான் இருந்தது, எங்களுக்கு இல்லை. குறை சொல்ல எழுதவில்லை. மெல்லக் கதைக்கிற பழக்கம் எங்களுக்கு 2009க்குப் பிறகு வந்ததில்லை என்றுதான் சொல்கிறேன். ஆட்கள் மாறினார்கள், குரலை நாங்கள் கூட்டவே இல்லை.

ஸ்காபரோ கிழவன்
இதற்கு நான் பதில் எழுதி இரண்டு தரம் அழித்துவிட்டேன். தங்கச்சி, பிறகு கதைப்போம்.

முறிகண்டிக் கச்சான்
பாருங்கள், ஸ்காபரோவிலும் அழிக்கிறார்கள்.

கிளிநொச்சி வாத்தி
பிள்ளை சொன்னதில் உண்மை இருக்கிறது, எனக்கு நோகிறது, ஆனாலும் உண்மை இருக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும். 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் இருந்தார்களே, அவர்களில் எத்தனை பேருக்கு பேஸ்புக் தெரியும்? பேரப்பிள்ளைகள் போனைப் பிடித்து லைவ் போட்டார்கள். படம் எடுக்க வந்த புலனாய்வுக்காரரை அந்தத் தாய்மார் திருப்பிப் படம் எடுக்கச் சொன்னதை நான் என் கண்ணால் பார்த்தேன். குரலைக் கூட்டினவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்களிடம் இழக்க வேறு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை என்பது வேறு கதை. தம்பிக்கு அம்மா இருக்கிறா.

வயர்மன்
பாலியாற்றங்கரை தம்பி, எல்லோரும் அரசியல் கதைத்ததில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பக்கத்தை அழித்து எத்தனை நாள்? பேஸ்புக்கில் பக்கத்தை அழித்தால் 30 நாள் வைத்திருந்துதான் முழுதாக அழிப்பார்கள். அதற்குள் அட்மின் உள்ளே போய் வேண்டாம் என்றால் திரும்பி வரும்.

பாலியாற்றங்கரை
அண்ணை உண்மையாகவா? இன்றைக்கு 19 நாள்.

வயர்மன்
அப்ப 11 நாள் இருக்கிறது. அவசரப்படவேண்டாம். எடுத்தாலும் வெளியில் தெரியாமல் வைக்கலாம். முதலில் எல்லாவற்றையும் தரவிறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். செத்த ஆட்களின் படத்தை ஒரு கம்பனியை நம்பி வைக்கவேண்டாம், அரசாங்கத்தையும் நம்பி வைக்கவேண்டாம்.

சட்டப்புத்தகம்
மண்ணைப் பற்றி: படம் போடுவதை விட்டுவிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 2016இன் 12ஆம் இலக்கம். மண் அகழ அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். "இன்ன ஆற்றில், இன்ன கிராமசேவகர் பிரிவில், இந்த வருடம் எத்தனை அனுமதிப்பத்திரம், எத்தனை கியூப்" என்று தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக்கூடாது. 14 வேலை நாளுக்குள் தருகிறோமா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும்.

மாங்குளம் சந்தி
பெயரும் விலாசமும் எழுதித்தானே கேட்கவேண்டும்? பேஸ்புக்கில் பெயரில்லாமல் கேட்டதற்கே போன் வந்தது.

சட்டப்புத்தகம்
அது சரிதான். ஆனால் பெயரைத்தான் அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கிறார்களே. இங்கே அண்ணை கேட்டதற்குச் சீல் குத்தின பதிவு ஒன்று அவர் கையில் இருக்கும். போனில் கதைத்தவர் அப்படி ஒன்றும் விட்டுப் போகவில்லை.

நெளுக்குளத்தாள்
தனியாகக் கொடுக்கவேண்டாம் அண்ணை. கமக்காரர் அமைப்பின் கடிதத் தலைப்பில், தலைவர் செயலாளர் எல்லோரும் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். என் சிநேகிதிக்கும் அப்படித்தான் இரண்டாம் முறை மாதர் சங்கத்தில் பதினொரு பேர் கூடப் போனோம், அன்றைக்குத்தான் முறைப்பாட்டை எழுதினார்கள்.

பாலியாற்றங்கரை
எல்லோருக்கும் நன்றி. 27ஆவது நாள் எழுதுகிறேன்.

பக்கத்தை மீட்டுவிட்டேன். முதல் வேலையாக எல்லாப் படத்தையும் இறக்கினேன், எங்கள் இடத்து கவரேஜில் இரண்டு இரவு எடுத்தது, மாமரத்தடியில் போனைக் கட்டிவிட்டுத்தான் இறக்கினேன். டிப்பர் படங்கள் மூன்றையும் வெளியில் தெரியாமல் வைத்திருக்கிறேன், அழிக்கவில்லை. கமக்காரர் அமைப்புத் தலைவரிடம் கடிதத்தைக் கொண்டுபோனேன். வாசித்துவிட்டு, "ஆறு" என்று இருந்த இடத்தில் எல்லாம் "எமது நீர்ப்பாசனத்துக்குரிய ஆறு" என்று மாற்றச் சொன்னார், பிறகு கையெழுத்து வைத்தார். செயலாளர் நாளைக்கு என்கிறார், மூன்று நாளாக நாளைக்கு என்கிறார். அவர் வைக்காவிட்டால் நான் என் பெயரைப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். "செய்யிறதென்றால் செய், இரவில போனைப் பார்த்துக்கொண்டு முழிச்சிருக்காத" என்றா.

நேற்று இரவு பக்கத்தைத் திரும்ப வெளியில் விட்டேன். காலையில் பார்த்தால் ஒரே ஒரு கொமன்ட். போன தையில் போட்ட மாடு காணாமல் போன அறிவித்தலுக்குக் கீழே, "சிவப்பி, ஒரு கொம்பு வளைஞ்சது, எங்கட வளவுக்க நிக்குது, இவ்வளவு நாளும் பக்கம் எங்க போனது?"